அம்புக்குறி இல்லாத பந்தயம்

நான் கோயம்புத்தூருக்குப் போனது மாவரைக்கும் கிரைண்டர் வாங்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி இன்றுவரை இதை நம்பவில்லை. பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் ஓட்டக் காலணியை ஒளித்து வைத்ததை அவள் ஈப்போ வீட்டிலேயே பார்த்துவிட்டாள். "கிரைண்டரை ஓடிப்போயா வாங்குவாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மலேசியாவில், ஈப்போவில் எங்களுக்குப் பாத்திரக் கடை. கோயம்புத்தூர்க் கல் போட்ட கிரைண்டர் என்றால் எங்கள் ஊர் இட்லிக் கடைக்காரர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவார்கள். அதனால் வேலை உண்மையான வேலைதான். ஆனால் காலணியும் உண்மைதான்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை நான் இரண்டு முறை தொடங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட முடித்ததில்லை. முதல் தடவை பினாங்கில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, ஆம்புலன்சில் ஏறினேன். இரண்டாம் தடவை கோலாலம்பூரில் எனக்கு எதுவுமே பிடித்துக்கொள்ளவில்லை. ஓடமுடியாதவர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு லாரி வந்தது, அதில் இடம் இருந்தது, ஏறிவிட்டேன். முதலாவதை மறந்துவிட்டேன். இரண்டாவது இன்னும் உறுத்துகிறது. இப்போது நாற்பத்துமூன்று வயது. முழங்காலைப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் ஓடுங்கள், பிறகு நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார். எனக்குச் சம்மதம்தான். ஆனால் ஒன்றை, ஒரே ஒன்றை, முடித்துவிட்டு நடக்க ஆசைப்பட்டேன்.

ரயிலடிக்குக் கரீம் வந்திருந்தார். உக்கடம் பக்கம் கிரைண்டர் மோட்டாரும் பெல்ட்டும் விற்கும் கடை அவருடையது. கடிதத்திலும் டெலிபோனிலும் மட்டுமே பழக்கம். என்னைவிட நான்கைந்து வயது இளையவர், ஒல்லி, எப்போதும் எங்கோ புறப்படுகிறவர் மாதிரியே நிற்பார். என் பெட்டியைத் தூக்கினார். ஜிப்பு பாதியில் வாய் பிளந்திருந்ததில் காலணியின் மூக்கு தெரிந்துவிட்டது.

"ஏனுங்ணா, ஓடுவீங்களா?"

"கொஞ்சம்."

"அட, நானும் ஓடுவேனுங்ணா! இத மொதல்லயே சொல்லியிருந்தா பெல்ட்டுல இன்னும் கொறச்சுக் குடுத்திருப்பேனுங்ளே!"

ஆட்டோவில் ஆர்.எஸ்.புரம் போனோம். வழியில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் குறுக்கே வந்து விழப் பார்த்தார். எங்கள் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, ஆத்திரம் பொங்க, "ஏனுங்க, கண்ணு தெரியாதுங்களா? வண்டிய எங்கீங்க உடறீங்க?" என்று கத்தினார். அவரும் விடவில்லை: "நீங்க பாத்து வாங்க! ரோடு உங்க ஊட்டுதுங்களா?" எங்கள் ஊரில் சண்டை என்றால் முதலில் போவது மரியாதைதான். இங்கே அடிதடி வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள் என்று தோன்றியது.

மாலையில் தனியாக உலாவப் போய் விடுதிக்குத் திரும்பும் வழி தெரியாமல் நின்றேன். நகைக்கடை வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். "வடக்கால போயி, ரெண்டாவது ரோட்டுல கெழக்க திரும்புங்க. பாங்குக்குத் தெக்கால கட்டடமுங்க," என்றார். வெயில் சாய்ந்து, ஆடி மாத மேகம் மூடிக்கிடந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் வழி சொல்வதென்றால் 'கீரி', 'கானான்' என்பார்கள், மலாய் மொழியில் இடது, வலது. அதனால், "எந்தக் கைப்பக்கம் திரும்பணும்?" என்றேன். அவர் தம் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கை நாம திரும்புற பக்கமெல்லாம் திரும்புமுங்க. கெழக்கு திரும்பாதுங்ளே."

நன்றி சொல்லிவிட்டுத் தப்பான பக்கமாக நடந்தேன்.

மறுநாள் விடியலில் கரீம் என்னை ரேஸ்கோர்ஸுக்கு அழைத்துப்போனார். பெயரைக் கேட்டுக் குதிரை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். குதிரையெல்லாம் போய் எந்தக் காலமோ. மரங்கள் கவிந்த வட்டச் சாலையில் மஃப்ளர் சுற்றிய பெரியவர்கள் பருத்தி விலை பேசிக்கொண்டே நடந்தார்கள். ஈப்போவில் இந்நேரத்துக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒரு சுற்று முடித்தும் வியர்க்கவில்லை. காற்று மட்டும் சளைக்காமல் வீசிக்கொண்டே இருந்தது. கரீம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் ஓடினார். ஓட்டம் என்றால் சும்மா இல்லை, பேசிக்கொண்டே என்னை இரண்டு தடவை தாண்டிப் போனார்.

ஓடி முடித்ததும் பேக்கரிக்குப் போனோம். இந்த ஊரில் டீக்கடைக்குப் பெயர் பேக்கரி. தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் உள்ளே அடைத்த பன்னை டீயில் தோய்த்துக்கொண்டே கரீம் விஷயத்தைச் சொன்னார். பல்லடத்தில் விசைத்தறிக்காரர்கள் சேர்ந்து ஆடியில் ஒரு பந்தயம் நடத்துகிறார்கள், முழு நாற்பத்திரண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை. கிரைண்டருக்கு எங்கள் ஊர் பிளக் மாட்டித் தரவேண்டிய பட்டறைக்காரரோ திங்கட்கிழமைக்குத்தான் ஆகும் என்று சொல்லியிருந்தார்.

"ஆண்டவனாப் பாத்து உங்கள நிறுத்தி வெச்சிருக்கானுங்ணா," என்றார் கரீம். "நான் மூணு வருசமா முடிக்கிறேன். கூடவே வாங்க. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயர்றேன்."

அவரிடம் என் இரண்டு பாதி ஓட்டங்களைச் சொன்னேன். லாரியைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இன்னொரு பன் வாங்கி என் தட்டில் வைத்தார்.

பந்தயத்துக்கு முன் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டுமே என்று மறுநாள் திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் தாண்டி ஓடினேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு உண்மை தெரிந்தது. இந்தச் சீமையில் நடுவயசு மனிதன் ஒருவன் ரோட்டோரம் ஓடினால், அவனுக்கு ஏதோ அவசரம் என்றுதான் அர்த்தம். முதலில் ஒரு மொபெட் நின்றது. "ஏறிக்குங்க, எங்கீங்க போகோணும்?" "எங்கேயும் இல்லைங்க, சும்மா ஓடறேன்." அவர் நம்பவில்லை. அடுத்து ஒரு பால்காரர் நின்றார். அதற்கடுத்து ஒரு டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போய், பிரேக் போட்டு, நின்றது.

"வாங்க, வாங்க, நிறுத்தியாச்சு! மெதுவாவே வாங்க!" என்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டார். ஜன்னலெல்லாம் தலைகள். ஒரு அம்மாள், "பாவம், வெயில்ல இவ்வளவு தூரம் தொரத்தீட்டு வர்றாருங்க" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. நான் ஓட்டத்தை நிறுத்தினால் பஸ்ஸைத் துரத்தவில்லை என்பது தெரிந்துவிடும், நிறுத்தாவிட்டால் பஸ் போகாது. என்ன செய்வது? ஏறிவிட்டேன். எனக்கு உட்கார இடம்கூடக் கொடுத்தார்கள். வேண்டாத ஊருக்கு டிக்கெட் எடுத்து, இறங்கி, வந்த வழியே திரும்பி ஓடினேன். அன்று சாயங்காலம் படுக்கையில் சாய்ந்தபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வண்டி ஒன்று பக்கத்தில் நின்றால் ஏறிவிடும் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கரீமும் நானும் பல்லடம் பஸ் ஏறினோம். பந்தயம் விடியலில் தொடங்கும், அதனால் முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று நாச்சிமுத்து கட்டளை. அவர்தான் பந்தயத்தை முன்னின்று நடத்துபவர். ஐம்பது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, கறுத்த முகம், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை நிறையத் தறிகள். அவர் வாழ்க்கையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடியதில்லையாம். எதற்கு நடத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் தறிக்கு முன்னால நின்னே பொழுது போகுதுங்க. வருசத்துல ஒரு நாளாச்சும் யாராவது ஓடறதப் பாக்கோணுமுங்க," என்றார்.

இரவு அவர் வீட்டிலேயே தங்கினோம். அவர் மனைவி தங்கமணி இலை போட்டார். கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தார்கள். கரீம் என் காதருகே வந்து, இது குதிரைக்குப் போடுவது என்றார். தங்கமணிக்கு அது கேட்டுவிட்டது. "குதிர ஓடுதுல்லீங்? அப்ப நல்லாச் சாப்புடுங்க," என்று இன்னொரு கரண்டி விட்டார். நெய் எங்கே என்று தேடினேன். "எலைக்கு மேக்கால கிண்ணத்துல இருக்குதுங்க," என்றார். நான் இலையின் நாலு பக்கமும் பார்த்துக் கடைசியில் கரீமின் தண்ணீரை எடுத்தேன்.

நாச்சிமுத்து பந்தய ஏற்பாடுகளைப் பெருமையோடு விவரித்தார். பல்லடத்தில் தொடங்கிச் சுற்றுவட்டார ஊர்கள் வழியாக ஒரு வளையம். வழியெங்கும் தண்ணீர், மோர். ஒவ்வொரு பிரிவிலும் பலகை. "வேப்பமரம், பனைமரம் ஒண்ணு உடாம அடிச்சாச்சுங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சா போதுமுங்க, வழியே தப்பாது." எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும் என்று நான் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

தறிகளின் சத்தத்தில் தூக்கம் எப்படி வரும் என்று கேட்டதற்குத் தங்கமணி, "தறி நின்னாத்தானுங்க எங்களுக்கு முழிப்பே வரும்," என்றார். அவர் சொன்னது சரிதான். மின்சாரம் போய்ச் சத்தம் நின்றபோது வீடே எழுந்து உட்கார்ந்தது. விடிந்துவிட்டது, கிளம்பலாம் என்றார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு. எண்பது பேர் போலத் தேறும். தறிக்காரர்கள், போலீஸ்காரர்கள், மில் தொழிலாளிகள், பாதிப் பேர் வெறுங்கால். வானம் முழுக்கச் சாம்பல் நிறம், சூரியன் இருக்கும் இடமே தெரியவில்லை. காற்று மட்டும் வேட்டிகளைக் கொடி மாதிரி பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து வந்த இருவர் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை ஒருவர் சொன்னது இது: "இந்தக் காற்று நம் ஊர்க் கணவாய் வழியாகத்தான் வருகிறது. வந்து நம்மையே தள்ளுகிறது, பார்." மற்றவர், "வீட்டுக்குத் திரும்பும்போதும் தள்ளத்தான் போகிறது" என்றார்.

நாச்சிமுத்து துண்டை வீசினார், ஓடினோம்.

முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நன்றாக இருந்தது, அவ்வளவுதான். சோளக்காடு, தென்னந்தோப்பு, தறிச் சத்தம், கோழிப்பண்ணை வாடை, மறுபடி சோளக்காடு. கரீம் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதாகச் சொன்னவர், முதல் ஊரிலேயே என் கையை விட்டுவிட்டுக் கண்ணிலிருந்து மறைந்தார். ஒரு ஊரில் தறி வேலைக்குப் போகும் பெண்கள் மோர்க் குண்டானோடு நின்றார்கள். ஈப்போவில் ஓடும்போது தண்ணீர்க் கோப்பையை நீட்டுவார்கள், பிடுங்கிக்கொண்டு ஓடுவோம். இங்கே அது நடக்காது. "நின்னு குடிங்க. ஓடீட்டே குடிச்சா பொறை ஏறுமுங்க," என்றார் ஒருத்தி. குடித்தேன். "இன்னொரு சொம்பு?" "போதுங்க." "அப்படிச் சொன்னா எப்படீங்க, எங்க ஊரு மோரு புடிக்கலீங்களா?" இரண்டாவது சொம்பையும் குடித்தேன். அந்த மோர் வயிற்றில் குலுங்கிக்கொண்டே நெடுந்தூரம் கூட வந்தது.

அந்தச் சொம்புகளால் நான் தனியாகிவிட்டேன். முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள், பின்னால் யாரும் இல்லை. அப்போது ஒரு முச்சந்தி வந்தது. வேப்பமரத்தில் பலகை. பெரிய எழுத்தில், வர்ணம் அடித்து, அழகாக எழுதியிருந்தது: 'தெற்கே'.

அவ்வளவுதான். அம்புக்குறி இல்லை.

பலகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கே மரம்தான் இருந்தது. இதுவரை வந்த பலகைகளை நான் படிக்கவே இல்லை, முன்னால் ஓடியவரின் முதுகைத்தான் படித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வானத்தைப் பார்த்தேன். அது ஈயப் பாத்திரத்தின் அடிப்பாகம் போல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. கேட்க ஆள் இல்லை. நன்றாக மிதிபட்டிருந்த பாதையைத் தேர்ந்தெடுத்து ஓடினேன்.

அது போகப் போக ஒடுங்கியது. இரண்டு பக்கமும் முள்வேலி உயர்ந்து, ஆளை மறைக்கும் சந்தாகிவிட்டது. இந்த ஊரில் அதை இட்டேரி என்கிறார்கள். மயில் ஒன்று குறுக்கே நடந்தது, என்னைக் கண்டு அவசரப்படவில்லை. வெகுதூரம் ஓடினேன். பாதை ஒரு கோழிப்பண்ணை வாசலில் போய் முடிந்தது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தன.

தீவன மூட்டை பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஓட்டப் பந்தயம் இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டேன்.

"அய்யோ, அது தெக்கால போகுதுங்க! நீங்க வடக்கால வந்துபோட்டீங்க!"

"எதும்மா வடக்கு?"

எந்தக் கையால் சாப்பிடுவது என்று நான் கேட்டிருந்தால்கூட அவர் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார். மூட்டையை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "உக்காருங்க கண்ணு, என்ற ஊட்டுக்காரரு வண்டீல கொண்டுபோயி உடுவாரு," என்றார் மெதுவாக. சுவரோரம் மொபெட் நின்றது. அதன் சீட்டு மெத்தென்று இருந்தது. நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றதை மறைக்க விரும்பவில்லை.

"வேண்டாம்மா. ஓடியேதான் போகணும்," என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி ஓடும்போது அழுகை வந்தது. காலில் வலு இருக்கிறது, மூச்சு இருக்கிறது, பாழாய்ப்போன திசை தெரியாமல் மூன்றாவது தடவையும் போகப்போகிறதே என்று. அடுத்த பலகையிலும் இதே கதைதானே. அப்போது காற்று கன்னத்தில் அறைந்தது. காலையில் மைதானத்தில் அறைந்த அதே காற்று. பாலக்காட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது. நம் ஊர்க் கணவாய் வழியாக வருகிறது. பாலக்காடு கோயம்புத்தூருக்கு மேற்கே. இதை நான் ரயிலில் வரும்போதே வரைபடத்தில் பார்த்திருக்கிறேன்!

நின்று, கண்ணை மூடி, கணக்குப் போட்டேன். காற்று முகத்தில் அடித்தால் மேற்கு. முதுகைத் தள்ளினால் கிழக்கு. வலது கன்னத்தில் அடித்தால் தெற்கு. இப்போது வலது கன்னத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. சத்தமாகச் சிரித்தேன். ஊர் முழுக்க எல்லாருக்கும் அம்புக்குறி போட்டுத்தான் வைத்திருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பலகையிலும் நான் தயங்கவில்லை. 'கிழக்கே' என்றது ஒன்று, முதுகைக் காற்றுக்குக் கொடுத்துப் பறந்தேன். 'தெற்கே', வலது கன்னம். அடுத்த ஊர்களில் மோரோடு நின்ற பெண்களெல்லாம் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள், வெறும் குண்டான்கள் திண்டில் கவிழ்ந்து கிடந்தன. பசித்தது, நா வறண்டது, இருந்தும் சந்தோஷமாக இருந்தேன். கடைசிப் பலகையைப் பார்க்கும்வரை.

'மேற்கே'. பல்லடம் ஒன்பது கிலோமீட்டர்.

அதாவது ஒன்பது கிலோமீட்டரும் காற்று முகத்தில். ஒரு மைல் போவதற்குள் பினாங்கில் பிடித்த அதே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டினேன், நடந்தேன், மறுபடி ஓடப் பார்த்தேன். அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. ஓடமுடியாதவர்களை ஏற்றிவரும் டெம்போ வேன். என்னைத் தேடித்தான் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் வந்து, என் நடை வேகத்துக்கு ஊர்ந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர். ஜன்னலோரம் கரீம்! கான்வாஸ் ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இரண்டு குதிகாலிலும் துணி சுற்றியிருந்தது.

"தோல் உரிஞ்சுபோச்சுங்ணா," என்றார் வெட்கத்தோடு. "நீங்க எங்கீங்க போனீங்க? ஊரே தேடுது!"

"பலகையில அம்பு போடலையே."

"தெற்கேன்னு எழுதியிருந்துதுங்ளே?" என்றார் டிரைவர், உண்மையாகவே புரியாமல். பிறகு அவர், "செரி, கதவத் தொறந்துருக்கேன், ஏறிக்குங்க. இனி எதுக்குங்க சிரமம்," என்றார். எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் அந்தக் கதவு வழியாக ஏறி உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு பன் வந்தது.

நான் தலையாட்டிவிட்டு நடந்தேன். வேன் போகவில்லை, கூடவே வந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை டிரைவர், "ஏறிக்குங்களே," என்பார். கோபமாகச் சொல்லியிருந்தால் வீம்புக்காவது ஓடியிருப்பேன். அந்த 'ஏறிக்குங்களே'யில் இருந்த பரிவுதான் என்னைக் கொன்றது. தூரத்துப் புளியமரம் கிட்டத்தில் வரவே இல்லை. காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. கால் மரக்கட்டையாகிவிட்டது. கோலாலம்பூர் லாரி நினைவுக்கு வந்தது. ஏறியதும் எவ்வளவு சுகமாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

நின்றேன். வேனும் நின்றது. "கதவத் திற கரீம்," என்றேன்.

கரீம் ஜன்னலோரத்திலிருந்து எழுந்தார். கதவருகே வந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கதவு சிக்கிக்கிச்சுங்ணா," என்றார். "தொறக்க மாட்டேங்குது."

அந்தக் கதவு கொஞ்சம் முன்னால்தான் போலீஸ்காரருக்காகத் திறந்தது. நான் பார்த்தேன். கரீமுக்கும் அது தெரியும். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சிக்கிக்கிச்சுங்க," என்று கரீம் அவரைப் பார்க்காமலே மறுபடி சொன்னார். போலீஸ்காரர் பன்னை வாயில் வைத்துக்கொண்டு, பெரிய கையை நீட்டி, கரீமின் கையோடு சேர்த்து அந்தக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. கெட்ட வார்த்தை ஒன்றைக்கூட மலாயில் சொன்னேன், அவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில். பிறகு காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்துக் காலை எடுத்து வைத்தேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடைக்குக் கொஞ்சம் மேலே. வேன் முன்னால் வந்து காற்றை மறைக்கவும் இல்லை, வேண்டாம் என்று கரீம் சொல்லியிருப்பார். பின்னாலேயே வந்தது. ஏழெட்டுப் பேரும் ஜன்னலைத் தட்டித் தாளம் போட்டார்கள். புளியமரம் கடைசியில் வந்தது, போனது. தறிச் சத்தம் கேட்டது. எந்தச் சங்கீதமும் எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தபோது பந்தல்காரர்கள் வரவேற்பு வளைவைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பரிசு கொடுத்து முடித்தாகிவிட்டது. சுண்ணாம்புக் கோடு மட்டும் பாதி அழிந்து கிடந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், இரண்டு வரிசையாகப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அரிசிம்பருப்புச் சோற்று வாசனை காற்றோடு வந்து எட்டியது. நாச்சிமுத்து வாளியும் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கினார்.

"வர்றாருங்க!" என்று கத்தினார். "நம்ம மலேசியாக்காரரு வர்றாருங்க!"

பாலக்காட்டுக்காரர் இருவரும் முதலில் எழுந்தார்கள். அடுத்தடுத்து, இலையில் சோறு கிடக்க, பந்தி முழுவதும் எழுந்தது. சாப்பிடும்போது இலையை விட்டு எழுந்திருப்பதை எங்கள் வீட்டிலும் யாரும் செய்யமாட்டார்கள். அத்தனை பேரும் எழுந்து தாழ்வார விளிம்புக்கு வந்தார்கள். என்னால் அவர்கள் முகங்களைப் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது. கோட்டை மட்டும் பார்த்தேன். மிதித்தேன். தாண்டினேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாச்சிமுத்து வாளியை வைத்துவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் குந்தினார். வாழ்க்கையில் ஓடாத மனிதருக்கு அந்தத் தூரத்துக்கே மூச்சு வாங்கியது. "முடிச்சுப்போட்டீங்க," என்றார். "முடிச்சுப்போட்டீங்க."

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கைகளிலெல்லாம் சோறு இருந்தது.